நெட்வொர்க்கிங் படித்தால் வேலை கிடைக்குமா? இரண்டாவது வேலைதான் பதில் சொல்லும்!

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இரவு 9 மணி தாண்டி சில நிமிடங்கள். வாட்ஸ்அப் திடீரென்று நின்றுபோனது. அனுப்பிய மெசேஜ் கடிகாரக் குறியோடு அப்படியே நின்றது. பலரும் செய்தது ஒரே வேலைதான்: வைஃபையை அணைத்துப் போட்டார்கள், போனை ரீஸ்டார்ட் செய்தார்கள், "நெட் பேக் தீர்ந்துபோச்சா?" என்று பார்த்தார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கும் அதே கதி. எல்லாம் திரும்பி வர ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது.

ஹேக்கர் யாரும் உள்ளே புகவில்லை. ஆப்பிலும் பிழை இல்லை. நிறுவனமே பின்னர் கொடுத்த விளக்கத்தின்படி, அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கமாண்ட்தான் காரணம். அது எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கமாண்டைத் தடுத்து நிறுத்த வேண்டிய சோதனை மென்பொருளில் ஒரு பிழை இருந்ததால், அதுவும் கைவிட்டது. அடுத்து, 'எங்கள் சர்வர்களுக்கு இந்த வழியாக வாருங்கள்' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் பிஜிபி அறிவிப்புகளும் நின்றுபோயின. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அங்கே போவதற்கான வழிதான் அழிந்துபோயிருந்தது. கடைசியில் இன்ஜினியர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஓடும்போது யார் கண்ணுக்கும் தெரியாது, நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். நெட்வொர்க்கிங் வேலையின் இயல்பே அதுதான். கல்லூரி முடிக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிற மேடைகளில் இந்த வேலைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசாததற்கும் அதுவே காரணம்.

'கோடிங் வராதவங்களுக்குத்தான் நெட்வொர்க்கிங்'... அப்படியா?

கல்லூரி வாசல் போஸ்டர்களில் ஏஐ இருக்கிறது, டேட்டா சயின்ஸ் இருக்கிறது, ஃபுல் ஸ்டாக் இருக்கிறது. நெட்வொர்க்கிங் பெரும்பாலும் இருப்பதில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ, கலைக் கல்லூரியில் பிசிஏ அல்லது பி.எஸ்சி., பொறியியலில் ஒரு செமஸ்டர் தாள் என்று எந்த வழியில் இந்தப் பாடத்துக்குள் வந்தாலும், வீட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நெட்வொர்க்கிங்னா கேபிள் இழுக்கிற வேலையா?"

நண்பர்கள் வட்டத்தில் இன்னொரு பேச்சு உண்டு. "கோடிங் வரலைன்னா நெட்வொர்க்கிங் பக்கம் போயிடு, அது ஈஸி." இரண்டுமே அரைகுறை உண்மை. கேபிள் வேலையும் இதில் இருக்கிறது. கோடிங் இல்லாமலும் உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால், அப்படி நுழைந்தவர் கோடிங்கைத் தொடாமலே மேலே ஏறுவது இன்றைக்குக் கடினம்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை, துறைமுகம், கல்லூரி என்று நெட்வொர்க் இல்லாத இடமே கிடையாது. உண்மையான சிக்கல் வேறு. இந்தத் துறையில் முதல் வேலை ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதிலிருந்து ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஒருவர் எங்கே நகர்கிறார் என்பதில்தான் வாழ்க்கைகள் பிரிகின்றன. எனவே, மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது முதல் வேலையின் பெயரைப் பற்றி இல்லை. அந்த நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலி தெரிகிறதா என்பதைப் பற்றித்தான்.

முதல் வேலை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, ஹெல்ப்டெஸ்க் அல்லது டெஸ்க்டாப் சப்போர்ட். "பிரிண்ட் வரலை", "விபிஎன் கனெக்ட் ஆகலை", "பாஸ்வேர்டு லாக் ஆயிடுச்சு" என்று வரும் அழைப்புகளைத் தீர்ப்பது.

இரண்டாவது, ஃபீல்டு இன்ஜினியர். பைக்கில் டூல் பையோடு வங்கிக் கிளை, ஏடிஎம், கடை என்று சுற்ற வேண்டும். ரேக்கில் சுவிட்ச் மாட்டுவது, கேபிள் முனைக்கு கனெக்டர் அடிப்பது, ஃபைபர் லைன் வந்திருக்கிறதா என்று சோதிப்பது, ரவுட்டரை மாற்றிவிட்டு அலுவலகத்துக்கு போன் போட்டு "சார், லிங்க் அப் ஆயிடுச்சா?" என்று கேட்பது.

மூன்றாவது, நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர். துறையில் சுருக்கமாக 'நாக்' என்பார்கள். பெரிய திரைகளுக்கு முன்னால் 24 மணி நேரமும் ஆட்கள் இருப்பார்கள். மூன்று ஷிஃப்ட். எங்கோ ஒரு இணைப்பு அறுந்தால் திரையில் சிவப்பு விழும். டிக்கெட் போட வேண்டும், இணைய நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டும், குறித்த நேரத்துக்குள் தீரவில்லை என்றால் மேல்நிலைக்கு அனுப்ப வேண்டும். முதல் நிலை எல்1; அதற்கு மேல் எல்2, எல்3.

இந்த வேலைகளைக் கேவலமாகப் பார்க்கத் தேவையே இல்லை. புத்தகத்தில் நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று இருக்கும். எப்படி உடைகிறது என்பதை இங்கேதான் பார்க்க முடியும். ஃபீல்டில் ஒரு வருடம் சுற்றியவர், பழுது என்றதும் முதலில் கேபிளையும் மின்சாரத்தையும் பார்ப்பார். ஏசி அறையிலேயே இருந்தவர் ஒரு மணி நேரம் கான்ஃபிகரேஷனைத் துழாவிவிட்டு அப்புறம்தான் கேபிள் பக்கம் வருவார்.

எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

எல்1 வேலையில் பெரும்பாலும் ஒரு கையேடு கொடுத்துவிடுவார்கள். இந்த அலாரம் வந்தால் இதைச் செய், இந்த நேரத்துக்குள் இவருக்கு அனுப்பு. ஆறு மாதத்தில் கையேடு மனப்பாடம் ஆகிவிடும். அதற்குப் பிறகு கற்றுக்கொள்ள அந்த நாற்காலியில் எதுவும் இருக்காது. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் வரும், நண்பர்கள் இருப்பார்கள், பகலில் தூக்கம். மூன்று வருடம் ஓடிவிடும். ரெஸ்யூமேயில் மூன்று வருட அனுபவம் என்று எழுதலாம். உண்மையில் அது ஆறு மாத அனுபவத்தின் ஆறு பிரதிகள்.

அடுத்த நிறுவனத்தின் இன்டர்வியூவில்தான் இது வெளிப்படும். "இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் உறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்குது. எங்கே பார்ப்பீங்க?" என்று கேட்பார்கள். டிக்கெட்டை மேலே தள்ளிவிட்டு மட்டுமே பழகியவரிடம் பதில் இருக்காது. அனுப்பிய டிக்கெட்டை எல்2 ஆள் எப்படி மூடினார் என்று மறுநாள் திறந்து படித்தவர், "முதல்ல ரெண்டு பக்கமும் எம்டியு அளவு ஒண்ணா இருக்கான்னு பார்ப்பேன் சார்" என்பார். அதாவது, ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு இரு முனைகளிலும் வேறுவேறாக இருந்தால் அந்த உறவு முழுமையடையாது. இரண்டு பேரும் உட்கார்ந்தது ஒரே ஷிஃப்டில்தான். ஒருவர் தினமும் இருபது நிமிடம் கூடுதலாகப் படித்தார், அவ்வளவுதான்.

எனவே, எல்1 வேலையில் சேர்கிறவர் முதல் நாளே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. 18 மாதம், அதிகபட்சம் 24 மாதம். அதற்குள் அதே நிறுவனத்தில் எல்2, இல்லையென்றால் கீழே உள்ள பாதைகளில் ஒன்று.

பாதை 1: நெட்வொர்க்கிலேயே ஆழமாகப் போவது

எல்2, எல்3, அதற்குப் பிறகு டிசைன் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட். ஒரு வங்கியின் ஆயிரம் கிளைகளை எப்படி இணைப்பது, ஒரு லைன் அறுந்தால் இன்னொன்று எப்படித் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தத் துறையின் கணினி எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று திட்டமிடும் வேலை.

பலரும் யோசிக்காத ஒரு இடம் தொழிற்சாலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் ரோபோ, சென்சார், இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாமே இன்று நெட்வொர்க்கில் பேசிக்கொள்கின்றன. அலுவலகத்தில் நெட் போனால் ஊழியர்கள் டீ குடிக்கப் போவார்கள். தொழிற்சாலையில் போனால் உற்பத்தி வரிசையே நிற்கும். இயந்திரத்தையும் நெட்வொர்க்கையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. டிப்ளமோ படித்தவர்களுக்கு இது நல்ல இடம்.

பாதை 2: கிளவுட்

"எல்லாம் கிளவுடுக்குப் போயிடுச்சே, இனிமே ரவுட்டர் எதுக்கு?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. கிளவுட் என்பது இன்னொருவருடைய டேட்டா சென்டர்தான். மைக்ரோசாஃப்டின் அஸூர் 2015-லேயே சென்னையில் தன் மையத்தைத் தொடங்கிவிட்டது. அமேசான் 2016-ல் மும்பையிலும், 2022-ல் ஹைதராபாத்திலும் தொடங்கியது.

அங்கேயும் சப்நெட் பிரிக்க வேண்டும், ரூட் டேபிள் எழுத வேண்டும், ஃபயர்வால் விதி போட வேண்டும், லோட் பேலன்சர் வைக்க வேண்டும், நிறுவனத்தின் பழைய அலுவலகத்தோடு விபிஎன் இணைப்புக் கொடுக்க வேண்டும். பெட்டியைக் கையால் தொட முடியாது என்பதுதான் வித்தியாசம். ஆப் எழுதியவர் "என் கோடு சரியாத்தான் இருக்கு" என்பார். சர்வர் பார்ப்பவர் "சர்வர் அப்லதான் இருக்கு" என்பார். நடுவில் ஒரு போர்ட் அடைபட்டிருப்பதைக் கண்டுபிடிப்பவர் நெட்வொர்க் தெரிந்தவராகவே இருப்பார். லினக்ஸும் ஏதாவது ஒரு கிளவுடும் கற்றுக்கொண்டால், நெட்வொர்க்கிங் மாணவருக்கு இது மிக இயல்பான அடுத்த படி.

பாதை 3: சைபர் பாதுகாப்பு

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. வெளிநோயாளி சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாள்கள் கையால் எழுதியே சமாளித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். கணினி லாக் பதிவுகளை 180 நாள்கள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். வங்கிகள் தொடர் கண்காணிப்பு மையம் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே சொல்லிவிட்டது.

உத்தரவு போட்டால் போதுமா? லாக்கைப் படிக்க ஆள் வேண்டுமே. அந்த வேலைதான் செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் சென்டரில் நடக்கிறது. இதற்காக நேரடியாக 'எத்திக்கல் ஹேக்கிங்' கோர்ஸில் பணம் கட்டுகிறவர்கள் அதிகம். ஆனால், சாதாரண நாளில் ஒரு பாக்கெட் எப்படிப் போகும் என்று தெரியாதவருக்கு, அசாதாரணமாகப் போகிற பாக்கெட் கண்ணில் படாது. நெட்வொர்க்கை ஒழுங்காகப் படித்தவர் பாதுகாப்புத் துறையில் பாதிக் கிணறு தாண்டியவர்.

பாதை 4: ஆட்டோமேஷன்

500 சுவிட்ச்களில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக உள்ளே போய் டைப் செய்தால் ஒரு வாரம் ஆகும். நடுவே எங்கோ ஒரு எழுத்துப் பிழையும் நடக்கும். பைதான் தெரிந்தவர் முப்பது வரி எழுதுவார், அல்லது ஆன்சிபிள் கருவியை வைத்து ஒரே இரவில் முடிப்பார். முதலில் இரண்டு சுவிட்ச்களில் சோதித்துப் பார்ப்பார். தவறானால் பழைய நிலைக்குத் திரும்ப வழியும் வைத்திருப்பார். 2021 அக்டோபர் இரவு காட்டியது இதைத்தான்: ஒரு கமாண்ட் எவ்வளவு தூரம் பாயும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஆளுக்குத்தான் மதிப்பு.

கோடிங்கைக் கண்டு பயந்து இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு ஒரு ஆறுதல். இங்கே தேவைப்படும் பைதான், ஆப் எழுதும் அளவுக்கானது இல்லை. லூப், ஃபைல் படிப்பது, ஏபிஐ அழைப்பது, ஜேசன் பிரிப்பது. மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தொடங்கிவிடலாம்.

பாதை 5: டேட்டா சென்டர், டெலிகாம், கடலடி கேபிள்

இதில் சென்னைக்கு ஓர் இயற்கையான அனுகூலம் உண்டு. இந்தியாவுக்குள் கடலடி இணையக் கேபிள்கள் கரையேறும் முக்கிய நகரங்களில், மும்பைக்கு அடுத்து வருவது சென்னை. சிங்கப்பூர் பக்கம் போகும் போக்குவரத்தில் பெரும்பகுதிக்கு இதுதான் வாசல். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை-அந்தமான் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கேபிள் கரையேறும் இடத்தைச் சுற்றித்தான் டேட்டா சென்டர்களும் வரும். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவை எழுந்திருப்பது தற்செயல் இல்லை. தமிழ்நாடு அரசு 2021-ல் டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கையும் வெளியிட்டது.

டேட்டா சென்டரில் ஆள் எண்ணிக்கை தொழிற்சாலை அளவுக்கு இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், இருக்கும் வேலைகளில் மின்சாரம், குளிரூட்டல், ஃபைபர், நெட்வொர்க் நான்கும் கலந்திருக்கும். டெலிகாம் பக்கம், 2022 அக்டோபர் 1-ல் 5ஜி தொடங்கியதிலிருந்து, செல்போன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் நெட்வொர்க் மேலும் மேலும் மென்பொருளாக மாறிவருகிறது. லினக்ஸ் தெரிந்த நெட்வொர்க் ஆளுக்கு அங்கேயும் இடமுண்டு.

பாதை 6: அரசுப் பணி

தேசிய தகவலியல் மையம், ரெயில்டெல், வங்கிகளின் ஐடி அதிகாரி பணியிடங்கள், பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணி ஆகியவை நெட்வொர்க்கிங் படித்தவருக்குத் திறந்திருப்பவை. ஒவ்வொன்றுக்கும் கல்வித் தகுதி வேறு என்பதால் அறிவிக்கையைப் படித்துப் பார்ப்பது அவசியம். கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளிலும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் ஒரு பகுதி. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. இதுபோன்ற திட்டங்களில் பெரும்பாலான களப்பணி ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகவே நடக்கும்.

அறிவிப்பு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. அதனால், இதை மட்டுமே நம்பி மூன்று வருடம் வீட்டில் இருப்பதை விட, வேலையில் இருந்துகொண்டே தயாராவது புத்திசாலித்தனம்.

சிசிஎன்ஏ எழுதியே ஆகணுமா?

சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழ் இந்தத் துறையின் அடையாள அட்டை மாதிரி ஆகிவிட்டது. 2020 பிப்ரவரியில் பாடத்திட்டம் மாற்றப்பட்டு ஒரே தேர்வாக ஆனது. 120 நிமிடம், கட்டணம் 300 டாலர். இந்திய மதிப்பில் வரி சேர்க்காமலே 25,000 ரூபாய்க்கு மேல். மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

சிசிஎன்ஏ அளவுக்கான அறிவு கட்டாயம் வேண்டும். தேர்வு எழுதுவது கையில் காசு இருப்பதைப் பொறுத்தது. வீட்டில் நகையை வைத்துத் தேர்வு எழுத வேண்டிய தேவை இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு செலவைத் திருப்பிக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அனுபவமே இல்லாமல் சிசிஎன்ஏ-வுக்கு மேல் அடுத்தடுத்து அடுக்கிக்கொண்டே போவதிலும் பலன் குறைவு. பெரிய சான்றிதழோடு வரும் புது ஆளைப் பார்த்தால் இன்டர்வியூ எடுப்பவருக்கு மரியாதையை விடச் சந்தேகம்தான் முதலில் வரும்.

காரணம், 'டம்ப்ஸ்'. தேர்வுக் கேள்விகளைத் திருடி விற்கும் பிடிஎஃப்கள் டெலிகிராமில் சுற்றுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்து பாஸ் ஆனவர்கள் உண்டு. ஆனால் "192.168.10.70, /26. இது எந்த நெட்வொர்க்கில் வரும்?" என்று கேட்டால் சிலர் முழிப்பார்கள். /26 என்றால் 64 முகவரிகள் கொண்ட துண்டு. 70 என்பது 64-க்கும் 127-க்கும் நடுவில். எனவே நெட்வொர்க் 192.168.10.64, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, மொத்தம் 62. பேனா இல்லாமல் பத்து விநாடியில் சொல்ல வேண்டிய பதில் இது. இது தெரிந்தவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டாலும் இன்டர்வியூ தொடரும். தெரியாதவரிடம் சான்றிதழ் இருந்தும் அங்கேயே முடிந்துவிடும்.

ஏஐ வந்தா இந்த வேலை இருக்குமா?

மழுப்பாமல் சொன்னால், திரையைப் பார்த்து அலாரத்தை டிக்கெட்டாக மாற்றும் வேலை குறையும். ஒரு லைன் அறுந்ததால் விழும் நூறு அலாரங்களை ஒன்றாகச் சேர்த்து, 'காரணம் இதுதான்' என்று காட்டும் மென்பொருள்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. எல்1-லேயே தங்கிவிடக்கூடாது என்பதற்கு இதை விடப் பெரிய காரணம் வேண்டாம்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான சிப்கள் ஒரே கணினி போலச் சேர்ந்து இயங்க வேண்டும். அவற்றுக்கு இடையே டேட்டா பாய்வது தாமதமானால், கோடிகள் கொட்டி வாங்கிய சிப்கள் சும்மா காத்திருக்கும். ஏஐ சிப்களில் முன்னணியில் இருக்கும் என்விடியா, சுமார் 700 கோடி டாலர் கொடுத்து மெல்லனாக்ஸ் என்ற நிறுவனத்தை 2020-ல் வாங்கி முடித்தது. மெல்லனாக்ஸ் தயாரித்துக்கொண்டிருந்தவை நெட்வொர்க் கார்டுகளும் சுவிட்ச்களும். ஏஐ யுகத்தில் நெட்வொர்க்குக்கு என்ன மதிப்பு என்பதற்கு அந்த ஒரு விலைச்சீட்டே போதும்.

எல்லோருக்கும் ஏற்ற வேலையா?

இல்லை. புதிதாக ஒன்றைக் கட்டி, அதைப் பயனர் கையில் கொடுத்துப் பார்ப்பதில்தான் மகிழ்ச்சி என்பவர் மென்பொருள் பக்கமே போவது நல்லது. திறமையான கோடருக்கு நல்ல நிறுவனத்தில் கிடைக்கும் தொடக்கச் சம்பளம், நெட்வொர்க் வேலையின் தொடக்கச் சம்பளத்தை விட அதிகமாகவே இருக்கும். இங்கே பெரிய மாற்றங்கள் எல்லாம் ஊர் தூங்கும்போதுதான் நடக்கும். இரவு 2 மணிக்கு ஒரு கமாண்டை என்டர் தட்டும் முன் கை நடுங்கும். பண்டிகை நாளில் போன் வரும். எல்லாம் சரியாக ஓடினால் யாரும் பாராட்டவும் மாட்டார்கள்.

பழுது என்று வந்ததும் பதறாமல், ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிக் காரணத்தைத் தேடுவதில் ருசி காண்பவருக்கு மட்டும் இது சலிக்காது.

காசு கேட்டால் உஷார்!

'100% பிளேஸ்மென்ட்' என்று விளம்பரம் செய்து பெரிய தொகை வாங்கும் பயிற்சி மையங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நல்ல மையங்களும் இருக்கின்றன. பிரித்துப் பார்க்க ஒரு வழி: கடைசியாகப் படித்து முடித்த பேட்ச்சில் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிப் பார்ப்பது. பேச விடவில்லை என்றால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. வேலைக்கு டெபாசிட் கேட்பது, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது, 'இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் நாங்களே போட்டுத் தருவோம்' என்பது... இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம். போலி அனுபவம் பின்னணிச் சோதனையில் சிக்கினால், வேலையோடு பெயரும் போகும்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய், மியான்மரில் இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைத்த சம்பவங்களைத் தொடர்ந்து, வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

கல்லூரியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு பழைய லேப்டாப் போதும்.

* லினக்ஸ் போட்டுப் பழகலாம். கமாண்ட் லைனைக் கண்டு பயம் போனாலே பாதி வேலை முடிந்தது.

* சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் பதிவு செய்தால் பாக்கெட் ட்ரேசர் இலவசம். ரவுட்டர், சுவிட்ச் எதையும் வாங்காமலே ஒரு முழு அலுவலக நெட்வொர்க்கைத் திரையில் கட்டலாம். அடுத்த கட்டத்துக்கு ஜிஎன்எஸ்3 இருக்கிறது, அதுவும் இலவசம்.

* வயர்ஷார்க் மென்பொருளை நிறுவி, சொந்த லேப்டாப்பிலிருந்து போகும் பாக்கெட்களைப் பிடித்துப் பார்க்கலாம். ஒரு இணையதள முகவரியை அடித்து என்டர் தட்டினால் முதலில் டிஎன்எஸ் கேள்வி, அப்புறம் டிசிபி கைகுலுக்கல், அப்புறம் பூட்டுப் போட்ட பேச்சு என்று வரிசையாகக் கண்ணால் பார்த்தவருக்கு, ஓஎஸ்ஐ அடுக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

* என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் வகுப்புகள் கிடைக்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை.

* கட்டிய ஒவ்வொரு லேபையும், எங்கே தவறு நடந்தது, எப்படிச் சரியானது என்று எழுதி கிட்ஹப்பில் போட்டு வைக்கலாம். இன்டர்வியூவில் "எனக்கு எல்லாம் தெரியும் சார்" என்பதை விட, "இதுல ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன், இப்படிக் கண்டுபிடிச்சேன்" என்பது எடுபடும்.

கடைசியாக ஒரு கேள்வி

இன்டர்வியூ முடியும்போது பெரும்பாலும் கேட்பார்கள்: "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" பெரும்பாலான மாணவர்கள் "இல்லை சார், தேங்க்யூ சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். சம்பளம், ஷிஃப்ட், பாண்ட், யாருடைய பேரோல் என்பதையெல்லாம் எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளலாம். டெக்னிக்கல் ஆள் எதிரில் இருக்கும்போது கேட்க வேண்டியது வேறு:

"ரெண்டு வருஷம் முன்னாடி இந்த டீம்ல எல்1-ஆ சேர்ந்தவங்க இப்போ எங்கே இருக்காங்க சார்?"

இரண்டு பேர் எல்2-வில், ஒருவர் கிளவுட் டீமில், ஒருவர் வேறு நிறுவனத்தில் நல்ல இடத்தில் என்று பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரலாம். "எல்லாரும் இங்கேதான்பா இருக்காங்க, நல்ல டீம்" என்று பதில் வந்தால், சேர்ந்த அன்றே காலண்டரில் 18-வது மாதத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.